ஆத்தோரத்துப் பூவாடைக்காரி

இல்லம்மா, நேத்து வேணும்னு மட்டம் போடல. எங்க ஆத்தோரத்துல பூவாடைக்காரிக்குக் கூழு ஊத்துனாங்க. நா வராம பானைய எறக்க மாட்டேன்ட்டாங்க. இன்னா பண்றது, சாமி என் வவுத்துல பொறந்தவளாச்சே.

ஆமாம்மா, என் பொண்ணுதான். செண்பகம். நீங்க அடையாறுக்குக் குடி வர்றதுக்கு முந்தி, பெரிய வெள்ளம் வந்துச்சே, அப்போ காணாமப் போய்ட்டா. தண்ணி வடிஞ்சதும் பாலத்தாண்ட ஒரு பொணம் ஒதுங்குச்சு. மூஞ்சி இல்ல, மீனு தின்னுட்ச்சு. ஆனா பச்சக் கட்டம் போட்ட சேல. பொங்கலுக்குக் கட்சில குடுத்தது. அதே சேலய ஆத்தோரம் பூரா கட்டிக்கினுதான் இருந்தாளுங்க, அது அன்னிக்கி யாருக்குத் தோணுச்சு? எல்லாரும் செண்பகம்னாங்க. நானும் வுழுந்து அழுதேன்.

கன்னியா செத்தவ சும்மா போவ மாட்டான்னு, எங்க குப்பத்துத் தலைவரு சின்னப்பையன்றவரு கல்லு நட்டு மஞ்சத் தடவி சேல சாத்தி, பூவாடைக்காரின்னு கும்புட வெச்சாரு. அப்பால குடிசையப் பிரிக்க கவருமெண்டு லாரி வந்துச்சு. கல்லப் பாத்துட்டு கடப்பாறைக்காரனே செருப்பக் கழட்டிட்டுக் கும்புட்டான். ஒருத்தனும் கை வெக்கல, திரும்பிப் போய்ட்டாங்க. இன்னிக்கி அத்தினி குடும்பமும் அங்க கீதுன்னா அவளாலதான்.

பெருமையா? இன்னா பெருமம்மா. பெத்த பொண்ணப் பேரு சொல்லிக் கூப்ட வுடல. ஆத்தான்னு கூப்புடுன்றாங்க. சொல்லாம கொள்ளாம போனியேடி மூதேவின்னு நாலு திட்டு திட்டணும்னு கீது. சாமியத் திட்ட முடியுமா?

அத்த வுடுங்க. வூட்டோட ஒரு பொண்ணு வேணும்னீங்களே, ஒருத்தி கீறா. சம்பளங்கூட வேணாம், சோறு போட்டாப் போதும். கைக்கொழந்த ஒண்ணு கீது. எவனையோ நம்பிப் போனா, நெல்லூராண்ட கைவுட்டுட்டான். நல்லாப் பாத்திரம் தேய்ப்பா. ஆத்துப் பக்கம் மட்டும் அனுப்பாதீங்கம்மா. எங்காளுங்க கண்ல பட்டா, சாமி வெறுங் கல்லாய்டும். மறுநாளே லாரி வந்துரும். அத்தினி பேரும் எங்க போவாங்க?

பேரா? நீங்களே ஒண்ணு வையுங்க. அந்தக் கல்லுல கீறவ எந்தத் தாயி பெத்ததோ, தெரில. இந்தப் பொண்ணு நேத்துதான் வந்தா. முக்காடு போட்டுக்கினு கூட்டத்துக்குப் பின்னால நின்னு யம்மான்னு கூப்ட்டா. எனக்குக் கொரலு தெரியாதா? திரும்பிப் பாக்கலம்மா. அவளுக்குத்தான் கற்பூரம் காட்டிக்கினு இருந்தேன்.