அவள் கண் மூடிய ஞாயிறு

உங்கள் ஜீப்பை ஓட்டுபவர் கிளட்சில் காலை வைத்தபடியே வருகிறார், ஐயா. சொல்லி வையுங்கள், பிளேட் சீக்கிரம் தேய்ந்துவிடும். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவனுக்கு அடுத்தவர் கால் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான் பிழைப்பு. கற்றுக்கொடுக்கும் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. என்னிடம் பழகியவர்கள் ஒரு பூனை மேல்கூட வண்டியை ஏற்றியதில்லை.

என் மைத்துனன் கொடுத்த புகாரில் 'தள்ளிவிட்டார்' என்று இருக்கிறதாம். அந்த ஒரு சொல்லைத்தான் மறுக்கிறேன். மற்றதை நானே சொல்லிவிடுகிறேன். மேசைமேல் உறையில் போட்டு வைத்திருக்கிறீர்களே ஒரு துணி, அதற்கும் வருகிறேன்.

நடனம் அவள் ஆசை. மகளைக் கட்டிக்கொடுத்தபின் வீடு வெறிச்சென்று இருக்கிறது, இருவரும் சேர்ந்து ஏதாவது கற்றுக்கொள்ளலாம் என்றாள். மரச்சாமான் கடை ஒன்றின் மாடியில் ஜோடி நடன வகுப்பு. மேடைக்கான ஆட்டம் இல்லை, மனப்பாடம் செய்யவும் ஒன்றும் கிடையாது. பாட்டு போகிற போக்கில் ஆண் ஒரு திசையை உணர்த்துவான். பெண் அதை உணர்ந்து பின்பக்கமாகவே நடப்பாள். பாட்டுக்குப் பாட்டு ஜோடி மாறும்.

வந்தவர்களைப் பார்த்திருந்தால் நீங்களே சிரித்திருப்பீர்கள். முட்டி தேய்ந்த ஒரு பல் டாக்டர். கணவனை வீட்டில் பூட்டிவிட்டு வந்தவள்போல் முகம் மலர்ந்த ஒரு வங்கி அதிகாரி. மாவு வாசனையோடு வியர்க்கும் ஒரு பேக்கரிக்காரர். அவருக்கு நான் வைத்த பெயர் பன்ரொட்டி. கோழி குப்பையைக் கிளறுவதுபோல் காலைத் தேய்த்துவிட்டு, அதற்கு ஆனந்தம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

டீச்சர், நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற அம்மாள். முதல் வகுப்பிலேயே சொன்னார்: "யாரையும் தள்ளக் கூடாது, இழுக்கக் கூடாது. இப்படிப் போகலாமான்னு உடம்பால கேக்கணும், அவ்வளவுதான். வர்றதும் வராததும் அவங்க இஷ்டம். ஆனா அவங்க பின்னால என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது. அதைப் பாத்துக்கறது உங்க பொறுப்பு."

எனக்கா சொல்லித்தர வேண்டும்? அடுத்தவருக்கும் சேர்த்துப் பார்த்தே என் கண் பூத்துவிட்டது.

என் மனைவி பன்ரொட்டியோடு ஆடும்போது கண்ணை மூடிக்கொள்வாள். பல் டாக்டரோடு ஆடும்போதும் அப்படித்தான். என்னோடு மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, புதிதாக ரிவர்ஸ் எடுக்கிறவள் மாதிரி, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பின்னால் பார்ப்பாள். சந்தேகம் என்று எழுதிவிடாதீர்கள். பன்ரொட்டியோடு ஓடிப்போக நினைப்பவள், அவருக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்துத் தெருமுனையிலேயே திரும்பிவிடுவாள்.

ஒருநாள் எல்லோர் முன்பும் கேட்டேன். "என்கூட ஆடறப்ப மட்டும் ஏன் கண்ணை மூட மாட்டேங்கற?"

"நீங்க கேக்கறதில்லையே, இழுத்துட்டுப் போறீங்க. எங்க போறோம்னு நான்தானே பாத்துக்கணும்?"

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு குறைவு என்பதுபோல் சொன்னாள். தரை வழுக்குகிறது என்றேன். "ஆட மாட்டாதவ கூடம் கோணல்னாளாம்" என்று பன்ரொட்டி சிரித்தார். டீச்சர் என் விரல்களைத் தளர்த்திவிட்டு, "அவங்க கார் இல்லைங்க" என்றார். மாவு பிசைகிறவரும் பல் பிடுங்குகிறவரும் சேர்ந்து சிரித்தார்கள். வீட்டுக்கு ஓட்டி வரும்போதுதான் யோசித்தேன். இத்தனை வருடத்தில் என் காரில்கூட அவள் கண்ணயர்ந்ததில்லை. வலித்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது?

எங்கள் குடியிருப்பு நாலு மாடி. மொட்டைமாடியின் பின்பக்கக் கைப்பிடிச் சுவரைப் புதிதாகக் கட்ட இடித்துப் போட்டிருந்தார்கள். கொத்தனார் அங்கே ஒரு கயிறு கட்டிவிட்டுப் போயிருந்தார். ஞாயிறு மாலை, ஹாலில் இடம் போதவில்லை, மேலே பழகலாம் என்றேன். சந்தோஷமாக வந்தாள்.

"அந்தப் பக்கம் சுவரில்லை, பாத்துங்க" என்றாள்.

"நான் பாத்துக்கறேன்" என்றேன். கயிற்றை மதியமே அவிழ்த்துச் சுருட்டி வைத்திருந்தேன். காலில் சிக்கினால் ஆட்டம் கெட்டுவிடும்.

அன்று நான் இழுக்கவில்லை. பூவைப் பிடிப்பதுபோல் பிடித்தேன். முதல் பாட்டு முடிந்ததும், "இன்னிக்கு நல்லா இருக்குங்க" என்றாள். அந்தப் பாட்டில் மட்டும் ஒன்றிரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். இரண்டாவது பாட்டில் அவள் கழுத்து அசையவே இல்லை. இப்படிப் போகலாமா என்று கேட்டேன், வந்தாள். இன்னும் கொஞ்சம் என்றேன், அதற்கும் வந்தாள். டீச்சர் பார்த்திருக்க வேண்டும். பன்ரொட்டி கட்டாயம் பார்த்திருக்க வேண்டும்.

ஓரத்தில் நான் சரியாக நின்றேன். விரல்களைத் தளர்த்தினேன். கடைசி அடி அவள் எடுத்து வைத்தது.

சுவரில்லை என்பது தெரியும், வேண்டுமென்றேதான் அந்தத் திசையைக் கேட்டேன். கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவள்தான் கண்ணை மூடிவிட்டாளே, பிறகு ஏன் இப்படிச் செய்தாய் என்கிறீர்கள். அடுத்த வகுப்பில் மறுபடியும் திறந்துவிடுவாளே, ஐயா.

ஆகவே 'தள்ளிவிட்டார்' என்பதை அடித்துவிட்டு, 'கணவரை நம்பிக் கண்ணை மூடி ஆடினார்' என்று எழுதுங்கள். வகுப்பில் உள்ளவர்களுக்கும் தெரியட்டும்.

துணியா? அது அவளுடைய துப்பட்டாதான். பாட்டு மாறும் இடைவெளியில் பின்னாலிருந்து கட்டினேன். "வேண்டாங்க, பயமா இருக்கு" என்று அவிழ்க்கக் கையைத் தூக்கினாள். அந்தக் கை என் தோளில் இருக்க வேண்டியது, எடுத்து அங்கேயே வைத்துப் பிடித்துக்கொண்டேன். ஆனால் கண்ணை மூடியது அவள்தான், ஐயா. நான் துணியை மட்டும்தான் கட்டினேன்.