கையால் முடுக்கிய இரண்டு போல்ட்டுகள்

வண்டியின் இரும்பு மூட்டுகளில் அதிர்வு தாங்கும் ரப்பர் புஷ்ஷைப் புதிதாக உள்ளே இறக்குவதற்கு முன்னால் சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும். கிரீஸ் தடவினால் சுலபமாக இறங்கும். ஆனால் ரப்பர் ஊதிப்போய் சீக்கிரமே கிழிந்துவிடும். பலர் இதில் சோம்பல்படுவார்கள். நான் பட்டதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஐயா, உங்கள் போலீஸ் அறிக்கையில் 'முதியவரின் மறதியால் நேர்ந்த விபத்து' என்று எழுதியிருக்கிறீர்கள். வண்டியைச் சோதித்தவர் சொன்னதை வைத்து எழுதியிருப்பீர்கள். உங்கள் மேல் வருத்தமில்லை. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான். ஒரு நட்டை மறந்துவிட்டேன் என்று யாரும் சொன்னதில்லை.

மகளுக்கு ஏழு மணி நேரத் தொலைவில் ஒரு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. நல்ல வேலை. "நீயும் வந்துடுப்பா, ரெண்டு ரூம் வீடுதான் பாத்திருக்கேன்" என்றாள். என் பட்டறையை எங்கே தூக்கிக்கொண்டு போவது என்றேன். அவள் அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். எங்கள் வீட்டில் பேச்சுக்குரல் என்றால் அவளுடையது ஒன்றுதான். அது போன பிறகு என்ன மிஞ்சும் என்று ஒரு நாள் மத்தியானம் உட்கார்ந்து யோசித்தேன். ஃபிரிட்ஜின் உறுமல் மட்டும் கேட்டது.

அவள் காரின் முன் சப்ஃப்ரேம் துருப்பிடித்து இற்றிருந்தது. எஞ்சினுக்குக் கீழே குறுக்காகக் கிடக்கும் இரும்புச் சட்டம் அது. முன் சக்கரங்களைத் தாங்கும் கைகளும் ஸ்டியரிங் பெட்டியும் அதில்தான் உட்கார்ந்திருக்கும். அதோடு தூரம் போனால் ஆபத்து. மாற்றித் தருகிறேன் என்றேன். அக்கறையோடுதான் சொன்னேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக் கொட்டகையில் மூன்று நாள் வேலை. எஞ்சினை மேலே ஒரு குழாயில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டு, பழைய சட்டத்தை ஜாக்கில் இறக்கினேன். விரலால் அழுத்தினால் பொத்துக்கொண்டது.

"இதுலயா இத்தனை நாள் ஆபீஸ் போயிட்டு வந்தேன்?" என்று விளக்கைப் பிடித்தபடி கேட்டாள்.

"போயிட்டு வந்துட்டல்ல, அப்புறம் என்ன."

"உனக்குப் பண்ண வேண்டிய முட்டி ஆபரேஷனை வண்டிக்குப் பண்ற" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த மூன்று நாளும் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம்.

புது சட்டம், புது புஷ்கள், புது போல்ட்டுகள். புஷ் போல்ட்டுகளை வண்டியைச் சக்கரத்தில் நிறுத்திய பிறகுதான் கடைசியாக முடுக்கினேன். தொங்கும்போது முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். சட்டத்தை வண்டியோடு பிணைப்பவை நான்கு பெரிய போல்ட்டுகள். முன்னால் இருக்கும் இரண்டையும் இறுக்கத்தை அளக்கும் ரெஞ்ச் வைத்து, 'க்ளிக்' கேட்கும்வரை முடுக்கினேன். பின்னால் இருக்கும் இரண்டையும் கையால் மட்டும் முடுக்கினேன். அப்போது அவள் டீ போட உள்ளே போயிருந்தாள்.

என் கணக்கு இதுதான். ஒரு மணி நேரம் ஓடினால் போல்ட் தளரும். தளர்ந்தால் சத்தம் வரும். சத்தம் வந்தால் பயந்து எனக்குப் போன் செய்வாள், திரும்பி வருவாள். வண்டியை மறுபடி பிரித்துச் சரிசெய்கிறேன் என்று ஒரு வாரம் இழுப்பேன். அதற்குள் அந்த ஆஸ்பத்திரி வேலைக்கு வேறு யாரையாவது எடுத்துவிடுவார்கள். அவளுக்கு ஒரு கீறல் விழ வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. என்னை விட்டுப் போகாமல் இருந்தால் போதும்.

காலை எட்டரைக்குக் கிளம்பினாள். பத்து மணிக்குப் போன் வந்தது.

"அப்பா, பிரேக் போட்டா கீழ டக் டக்னு இடிக்குது. ஒரு பக்கமா இழுக்குது. இங்கயே ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கு, காட்டட்டுமா?"

நான் இதை மறைக்கவில்லை, ஐயா. அந்த இடத்தில் 'காட்டு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அரை மணி நேரத்தில் எவனோ முடுக்கிக் கொடுப்பான், அவள் போய்விடுவாள். முடுக்கியவன் என்னைப் பற்றி என்ன நினைப்பான் என்றும் தோன்றியது.

"கண்டவன் கையில குடுக்காத. மெதுவா திருப்பிட்டு வீட்டுக்கு வா. நான் பாத்துக்கறேன்."

"ஒண்ணும் ஆகாதுல்ல?"

"நான் போட்டதும்மா."

"சரிப்பா" என்றாள். அவள் குரலில் இருந்த பயம் அந்த ஒரு சொல்லில் அப்படியே வடிந்துபோனது எனக்குக் கேட்டது. இப்போதும் தினமும் கேட்கிறது. பல் தேய்க்கும்போது, கதவைத் தாழிடும்போது, எந்தக் காரணமும் இல்லாமல்.

அவளுக்கும் சேர்த்து உலை வைத்தேன். தலையணை உறை மாற்றினேன். பன்னிரண்டு மணிவரை வாசலில் நின்று வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்தேன். பாலத்துக்கு முன்னால் இறக்கத்தில் சட்டம் பின்பக்கம் தொங்கி, சக்கரம் மடங்கிவிட்டதாக உங்கள் ஆள்தான் போனில் சொன்னார். முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே இனி ஒன்றும் தெரியாது என்று டாக்டர் சொன்னார்.

அவளும் மறதி என்றே நம்புகிறாள். "வயசாயிடுச்சு, விடுப்பா. நீ வேணும்னா பண்ண?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். செய்யாத தப்பை மன்னித்துவிட்டாள். செய்த தப்பு அப்படியே நிற்கிறது. அதனால்தான் வந்தேன். மறக்கவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு போல்ட்டும் எந்த நிலையில் இருந்தது என்று எனக்குத் தெரியும். போன் வந்தபோதும் தெரியும்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? நாலு மணிக்கு அவளைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் புண் வந்துவிடும். பக்கத்து வீட்டு அம்மா உதவிக்கு வருகிறேன் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். என் கை பட்டால்தான் அவளுக்கு வலிக்காது. சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு தெருவுக்குப் போக வாசலில் ஒரு சாய்தளம் போட்டுக் கொடு என்று நாலு மாதமாகக் கேட்கிறாள். பலகை வாங்கி வைத்திருக்கிறேன், அளவும் எடுத்துவிட்டேன். செய்து கொடுப்பேன். அவசரம் ஒன்றுமில்லை. அவள் எங்கே போகப் போகிறாள்?