படகில் நான் கை வைக்கவில்லை

சைக்கிள் சக்கரத்தின் நடுவில், இரண்டு பக்கமும், கோன் என்று ஒன்று இருக்கிறது. சுண்டுவிரல் நுனி அளவுதான். அது தளர்ந்தால் சக்கரம் ஆடும். அளவுக்கு மேல் இறுகினால் சக்கரம் சுற்றும், ஆனால் பிடிக்காத வீட்டில் வேலை செய்கிற ஆள் மாதிரி வேண்டாவெறுப்பாகச் சுற்றும். சத்தம் வராது. பார்த்தால் தெரியாது. மிதிக்கிறவர் காலுக்கு மட்டும்தான் தெரியும்.

நீங்கள் கேட்டது படகைப் பற்றி. படகில் நான் கை வைக்கவில்லை. மீட்புப் படகின் மோட்டார் கிளம்பவில்லை என்பதற்காகப் படகுத்துறைக் காவலாளியை இரண்டு நாளாக இந்த ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அது தப்பு. ஒருத்தன் செய்த வேலைக்கு இன்னொருத்தன் பேரை எழுதுவதை டிப்போவிலேயே நான் விட்டதில்லை. அதற்காகத்தான் பேசுகிறேன். மற்றபடி நான் யாரிடமும் வாயைத் திறக்கிற ஆள் இல்லை.

நான் படித்தது ஐந்தாவது. பஸ் டிப்போவில் சக்கரப் பிரிவில் முப்பத்தெட்டு வருஷம். என் மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல். இரண்டு பேரும் ஒரே வருஷம் ஓய்வு பெற்றோம். மகள் ஆளுக்கொரு சைக்கிள் வாங்கி அனுப்பினாள். எனக்குப் பச்சை, அவளுக்குச் சிவப்பு. இந்த வயதில் எதற்கு இந்தக் கூத்து என்றேன்.

"முப்பது வருஷம் மிஷினை மிதிச்சேன். எவ்வளவு மிதிச்சாலும் உட்கார்ந்த இடத்துலயேதான் இருந்தேன். இனிமே நகர்ற எதையாவது மிதிக்கிறேங்க" என்றாள்.

முதல் வருஷம் நன்றாகத்தான் இருந்தது. காலையில் இருவரும் ஏரியைச் சுற்றி வருவோம். நான் முன்னால், அவள் பின்னால். வந்து தேநீர் போடுவாள். நான் செயினைத் துடைத்து எண்ணெய் விடுவேன். அவள் வண்டியையும் நான்தான் பார்ப்பேன். வேறு எவன் கையிலும் கொடுக்க மாட்டேன். கடைக்காரன் சக்கரத்துக்குள் இருக்கிற நல்ல பால்ஸ் குண்டுகளை எடுத்துக்கொண்டு தேய்ந்ததைப் போட்டுவிடுவான்.

இரண்டாம் வருஷம் அவள் முன்னால் போனாள். அது எப்போது நடந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒருநாள் பார்த்தால் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் மிதிக்கிறேன். மேட்டில் ஏறி நின்று, திரும்பிப் பார்த்து, "என்னங்க, டிப்போ வண்டி லேட்டா?" என்று சிரிப்பாள். நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு ரிட்டயர்டு டீச்சர் வந்து சேர்ந்தார். ஏரியில் பாய்மரப் படகு விடுகிற சங்கம் அவருடையது. என் மனைவி மூன்றே மாதத்தில் கற்றுக்கொண்டாள். தையல்காரி கை, பாய்த்துணியைத் தொட்டதும் பேசிவிட்டது. காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று கன்னத்தாலேயே சொல்வாள். சங்கத்தில் அவளுக்குக் காற்றாடி என்று பேர் வைத்தார்கள். செவ்வாய், வியாழன், ஞாயிறு படகு. மற்ற நாள் சைக்கிள். ஏரியைக் குறுக்கே ஒருமுறை நீந்திக்கூடக் கடந்தாள், அறுபத்து மூன்று வயதில். கரையில் எல்லோரும் கை தட்டினார்கள். அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன்.

வீட்டில் தனியாக இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. டிப்போவில் எப்போதும் சத்தம் இருக்கும். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி மட்டும் முனகும். நான் ஒவ்வொரு அறையாகப் போய் நிற்பேன். நாலு சுவரும் ஒரு அடி உள்ளே வந்துவிட்ட மாதிரி இருக்கும். வாசல் திறந்துதான் இருந்தது. ஆனால் எனக்கு வெளியே போக ஒரு இடம் வேண்டுமே. நான் போக வேண்டிய இடமே அவள்தான், அவள் இடத்தில் இல்லை.

சங்கத்தார் பன்னிரண்டு நாள் சைக்கிள் பயணம் ஏற்பாடு செய்தார்கள். என்னையும் கூப்பிட்டாள். வீட்டை யார் பார்ப்பது என்றேன்.

"வீட்டுக்கு என்ன, கால் முளைச்சு ஓடிப்போகுமா?"

"உனக்கு முளைச்சிருக்கே."

அவள் அதைக் கேலி என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரம்தான் முதல் முறை இறுக்கினேன். ஒரு நூலளவு. உள்ளே கெட்டி கிரீஸ் கொஞ்சம் வைத்தேன். அடுத்த வாரம் இன்னொரு நூல். அவசரம் கூடாது. ஒரே நாளில் இறுக்கினால் வண்டியில் கோளாறு என்று தெரிந்துவிடும். வாரத்துக்கு ஒரு நூல் என்றால் வயது.

ஆறாம் வாரம், மேட்டில் பாதியிலேயே இறங்கித் தள்ளினாள். "என்னங்க, வண்டியைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றாள். பார்த்தேன். ஒன்றுமில்லை என்றேன்.

"உங்க வண்டியைக் குடுங்க, ஓட்டிப் பார்க்கிறேன்."

இதைக் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். என் வண்டியையும் அதே அளவு இறுக்கி வைத்திருந்தேன். அதிலும் அவள் பாதி மேட்டில் இறங்கித் திரும்பி வந்தாள். அவள் வண்டியில் ஏறி நான் அந்த மேட்டை மிதித்தேன். நெஞ்சு அடைத்தது. தொடை இரண்டும் தீயாக எரிந்தது. ஆனால் விசில் அடித்துக்கொண்டே போனேன், நடுவில் சாலையோர மரத்தைப் பற்றி ஏதோ பேசவும் பேசினேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு கஷ்டப்பட்டு எந்த வேலையும் செய்ததில்லை. அவள் கீழேயே நின்றுவிட்டாள். என் வண்டியைப் பிடித்துக்கொண்டு தன் காலைக் குனிந்து பார்த்தாள்.

பயணத்துக்கு அவள் போகவில்லை.

டாக்டரிடம் நானே அழைத்துப் போனேன். எக்ஸ்ரே, ரத்தம், எல்லாம் எடுத்தார்கள். எதிலும் குறையில்லை. "அப்புறம் ஏன் டாக்டர் மிதிக்க முடியலை?" என்று கேட்டாள். அவர் கணினியைப் பார்த்தபடியே, "வயசாகுதில்லம்மா" என்றார். பாருங்கள், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படித்தவர் வாயால் வந்தது. அதனால்தான் டாக்டர்களை நான் நம்புவதே இல்லை.

அதன் பிறகு கட்டிலை மாடியிலிருந்து கீழே இறக்கினேன். கைத்தடி வாங்கினேன். குளியலறையில் கைப்பிடி பொருத்தினேன், சுவரில் நாலு போல்ட் போட்டு, யானை தொங்கினாலும் விடாது. அவள் படகுக்கும் போகாமல் ஜன்னலோரம் நாற்காலியில் உட்காருவாள். சைக்கிள்காரர்கள் மணி அடித்துக்கொண்டு போவார்கள். முதலில் கை ஆட்டினாள், அப்புறம் திரையை இழுத்துவிடச் சொன்னாள். எதற்கும் என்னைக் கேட்க ஆரம்பித்தாள்.

"என்னங்க, மாடி ஏறட்டுமா? கால் தாங்குமா?"

"இன்னிக்கு வேண்டாம்."

"கடை வரைக்கும்?"

"பார்க்கலாம்."

டிப்போவில் டிரைவர்கள் அப்படித்தான் என்னைக் கேட்பார்கள். அண்ணே, இந்த வண்டி தாங்குமா என்று. நான் தலையாட்டினால்தான் வண்டி கேட்டைத் தாண்டும்.

நான் அவளை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், மனைவியைத் தாங்குகிறவர் என்றுதான் சொல்வார்கள். ஏழு எட்டு மாதத்தில் அவள் கெண்டைக்கால் நிஜமாகவே இளைத்துவிட்டது. அப்போது எனக்கு மனசு லேசாகிவிட்டது. நான் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிட்டதே. இரண்டு சைக்கிளிலும் கோனைத் தளர்த்திப் பழைய அளவில் வைத்தேன். தேவையில்லாமல் ஒரு சாமானை நான் வருத்துவதில்லை.

டீச்சர் விடவில்லை. வீட்டுக்கே வந்து, "காற்றாடி, படகுக்குக் கால் எதுக்கு? காத்துதானே வேலை செய்யுது" என்றார். என் மனைவி என்னைப் பார்த்தாள். டீச்சர் எதிரில் நான் என்ன சொல்ல? மறுபடி ஞாயிற்றுக்கிழமை மட்டும் போக ஆரம்பித்தாள். இரண்டாம் வாரமே கைத்தடியை வீட்டில் மறந்துவிட்டுப் போனாள்.

அந்தப் படகை நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அதை மறைக்கவில்லை. காவலாளியும் உங்களிடம் சொல்லியிருப்பார். ஆனால் அதில் கயிறும் துணியும்தான். இறுக்க ஒன்றும் இல்லை. எனக்குப் புரியாத சாமானில் நான் கை வைப்பதில்லை. ஆகவே கரையில் பெஞ்சில் உட்கார்ந்து அவள் திரும்பி வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவுதான்.

போன ஞாயிறு காலை ஒன்பது மணி. முந்தின நாள் மழை, இரண்டு மதகு திறந்திருந்தது. மதகுப் பக்கம் சிவப்பு மிதவைகளைக் கயிற்றில் கோத்துப் போட்டிருக்கிறார்கள். துறையில் பலகையில் எழுதியிருக்கிறது. நான் எழுத்துக்கூட்டிப் படிப்பதைப் பார்த்து அவள்தான் ஒருமுறை வாசித்துக் காட்டினாள். படகு கவிழ்ந்தால் படகை விடாதே, பிடித்துக்கொள், ஆள் வரும். ஆனால் சிவப்பு மிதவையைத் தாண்டிவிட்டால் படகை விட்டுவிடு, கரைக்கு நீந்து. ஏனென்றால் அங்கே நீர் மதகைப் பார்த்து இழுக்கும். படகு பெரிது, அதைத்தான் முதலில் இழுக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறவளே அவள்தான்.

அவள் படகு மிதவைக்குப் பக்கத்தில் வந்தபோது திடீரென்று ஒரு காற்று. எதிர்ப்பக்கம் மாறி உட்கார வேண்டும். முன்பெல்லாம் அணில் மாதிரி தாவுவாள். அன்றைக்குக் காலைப் பார்த்துத் தயங்கினாள். படகு சாய்ந்து, கவிழ்ந்து, மிதவைக் கயிற்றின் மேலேயே ஏறி அந்தப் பக்கம் போய்விட்டது.

லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாள். தலை நன்றாக மேலே இருந்தது. கரைக்கு இருபது கஜம் இருக்கும். காவலாளி மோட்டார் படகுக்கு ஓடினார், மோட்டார் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார், கிளம்பவில்லை. கரையில் இருந்தது நான்தான். அவள் படகின் அடிப்பாகத்தைப் பிடித்திருந்தாள். பயந்த முகம் இல்லை. என்னிடம்தான் கேட்டாள்.

"என்னங்க! நீந்தி வந்துடட்டுமா? கால் தாங்குமா?"

மாடிப்படியில் நின்று கேட்கிற அதே குரல்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்களே, ஏன் படகைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன், பதற்றத்தில் விதி மறந்துவிட்டதா என்று. மறக்கவில்லை. பதற்றமும் இல்லை. தாங்கும் என்று ஒரு வார்த்தை போதும். இருபது கஜம் அவளுக்கு ஒரு தூரமே இல்லை. நீந்தி வந்திருப்பாள். கரையில் ஏறியதும் காலைக் குனிந்து பார்த்திருப்பாள். பிறகு என்னைப் பார்த்திருப்பாள். சாயங்காலமே அந்தச் சிவப்புச் சைக்கிளை வெளியே எடுத்து மேட்டைப் பார்த்து மிதித்திருப்பாள். வண்டியும் இப்போது வெண்ணெய் மாதிரி ஓடுமே. மேட்டுக்கு மேலே போய் ஒருதரம் திரும்பிப் பார்ப்பாளோ மாட்டாளோ. நான் மறுபடி அந்த நாலு சுவருக்குள் நின்றிருப்பேன்.

"தாங்காது" என்றேன். "படகை விடாதே. கெட்டியாப் பிடிச்சுக்கோ."

"சரிங்க" என்றாள்.

நான் சொன்னபடி கடைசிவரை பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். மதகில் படகை வெளியே எடுத்தபோதும் அவள் விரல்கள் அதன் விளிம்பில்தான் இருந்தன என்று உங்கள் ஆட்களே சொன்னார்கள். என் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை.

காவலாளியை அனுப்பிவிடுங்கள். அந்த மோட்டாருக்கு ஒரு பிளக் மாற்றினால் போதும், அவர் மேல் குற்றமில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஒன்று மட்டும் விட்டுப்போகாமல் எழுதிக்கொள்ளுங்கள். முப்பத்தெட்டு வருஷ சர்வீஸிலும் சரி, அதற்குப் பிறகும் சரி, நான் இறுக்கிய சக்கரத்தால் ஒரு உயிர் போனதில்லை.