பால் வழியக் கூடாது

— மதுஷன் அண்ணை, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கோ. ஒரேயொரு கையெழுத்து. அஞ்சு மணிக்கு அங்கை கம்பஸ் கந்தோரைப் பூட்டிப்போடுவினம்.

— சாம்பவி, நான் போன கிழமையே ஏலாதெண்டு சொல்லிப்போட்டன். முருங்கைக்காய் இப்பதான் வந்திறங்கினது. பிறகு வா.

— பிறகு இல்லை, இண்டைக்குத்தான் கடைசி நாள். மாணவர் சங்கம் பதிவிலை இன்னும் உங்கடை பேரிலைதான் கிடக்கு. நீங்கள் வைக்காட்டி கம்பஸிலை பொங்கல் இல்லை.

— பன்ரெண்டு வருசம் இல்லாமல்தானே இருந்தது. சூரியன் வராமல் விட்டதோ?

— நாப்பது பிள்ளையள் பேர் தந்திருக்கினம் அண்ணை. எல்லாம் வீட்டிலை கறண்ட் அடுப்பிலை பொங்கிறதைப் பாத்து வளந்ததுகள். ஒருக்கால் வெளியிலை முற்றத்திலை பொங்கிப் பாக்க ஆசைப்படுதுகள்.

— எங்கை, தா அந்த விண்ணப்பத் தொசியேயை. என்னத்துக்குக் கையெழுத்துக் கேக்கிறாய் எண்டு வாசிச்சுப் பாப்பம். தீயணைப்புக்கு ஒரு ஆள். விறகு இல்லை, காஸ் அடுப்பு. பத்து மணியிலை இருந்து பன்ரெண்டு வரைக்கும். இதென்ன ஏழாவது நிபந்தனை? பாத்திரத்திலை இருக்கிற திரவம் வெளியிலை வழியக் கூடாதாம்.

— அதைப் பற்றிக் கந்தோரோடை கதைச்சாச்சு.

— கதைக்கிறதுக்கு என்ன கிடக்கு? வழியாட்டி அது பொங்கலே? கஞ்சி எண்டு எழுதச் சொல்லு.

— அடியிலை தட்டு வைச்சால் வழியலாமாம். நேற்று ஒரு மணித்தியாலம் மல்லுக்கட்டி வாங்கினது. சிரியாதேங்கோ.

— இஞ்சை பார் பிள்ளை. நாங்கள் ஆரிட்டையும் கேக்கேல்லை. மூண்டு கல்லு, உடைச்ச பலகை, இஞ்சை கிடக்கிற பானை. விடியக் கேற்றைத் திறக்க உள்ளை போய் அடுப்பை மூட்டினம். அது பொடியளின்ரை பொங்கல். இது கந்தோரின்ரை பொங்கல்.

— பொடியளின்ரை பொங்கல் புகையிலைதான் சோதினை மண்டபத்திலை அலாரம் அடிச்சது. முந்நூறு பேர் பாதியிலை எழும்பி ஓடினவை.

— அது காத்துத் திரும்பினதாலை வந்தது.

— காத்தை ஒழுக்காற்றுச் சபைக்குக் கூப்பிடேல்லையே அண்ணை. பாலச்சந்திரனைத்தானே கூப்பிட்டவை.

— அந்தக் கதையை இப்ப ஏன் எடுக்கிறாய்? மேரிறோஸ் அக்கா, நீங்கள் கேட்ட வாழையிலை உள்ளுக்கை, இடது பக்கம்.

— மூட்டினது ஆர் எண்டு கேட்க, சங்கத்திலை அஞ்சு பேர் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவை. அஞ்சு பேருக்கும் பிரெஞ்சுப் பாஸ்போட். படிப்பு விசாவிலை வந்த ஒரே ஆள்தான் கையை உயர்த்தினது. ஒரு வருசம் படிப்பை நிப்பாட்ட, விசாவும் போச்சு.

— அவன் தானாத்தான் உயர்த்தினவன். நான் உயர்த்தச் சொன்னனானே? ஆரும் சொல்லாட்டி எல்லாரையும் நிப்பாட்டுவம் எண்டவங்கள். இப்ப எங்கை இருக்கிறானோ, லண்டன் போயிருப்பான்.

— அதாலைதான் எனக்கு இந்தத் தாள் பிடிச்சிருக்கு. ஆர் பொறுப்பெண்டு முதலே எழுதிக் கிடந்தால், பிறகு ஆரும் கையை உயர்த்தத் தேவையில்லை.

— தாளிலை பேர் கிடந்தால் ஆளைப் பிடிக்கிறது லேசு. வேறை ஒரு புண்ணியமும் இல்லை.

— பேர் கிடக்காட்டித் தப்புறதும் லேசுதானே அண்ணை.

— என்ன சொல்ல வாறாய்?

— முந்திப் பிரச்சினை நடந்தபடியால் பழைய மாணவர் ஒருத்தர் பொறுப்பு நிக்கோணுமாம். நாலு பேரைக் கேட்டன். எல்லாரும் உங்களைப் போலை வேலை கிடக்கெண்டு பெட்டி இறக்கினவை. கடைசியா பொபினியிலை ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினிக்குப் போனன்.

— பொபினியிலை ஆர்?

— பாலச்சந்திரன், எங்கடை பாலன் அண்ணை. கன வருசம் கோப்பை கழுவி, இப்ப சமைக்கிறார். வதிவிடக் காட் போன வருசம்தான் கிடைச்சது. இஞ்சையிருந்து மெத்ரோவிலை அரை மணித்தியாலம்.

— அவன் என்னைக் கேட்டவனோ?

— கோவமா ஒண்டும் கதைக்கேல்லை. தாளை ஆறுதலா வாசிச்சார். வழியக் கூடாதெண்ட இடத்திலை உங்களைப் போலைதான் சிரிச்சார். பிறகு கையைத் துடைச்சுப்போட்டுக் கையெழுத்து வைச்சவர்.

— பேனையைத் தா. எங்கை, இதிலையோ? இந்தா, வைச்சிட்டன். பானை பின்னாலை அரிசி மூட்டைக்கு மேலை கிடக்கு, தூக்கிக்கொண்டு போ. போ பிள்ளை, நேரம் போகுது.

— மற்றப் பக்கத்தையும் பாருங்கோ. அடுப்பு மூட்டுற ஆளின்ரை பேர் கேட்டிருக்கு. அதைப் பாலன் அண்ணையே நிரப்பித் தந்தவர்.

— திரும்பவும் தன்ரை பேரையோ?

— உங்கடை பேரை. அண்டைக்கு மூட்டினவனே இந்த முறையும் மூட்டட்டும் எண்டவர்.