அடிக்குறிப்பார் பற்றி வாசகர்கள் சொன்னது

எனக்கு நகைச்சுவை நாவல்கள் பிடிக்கும். சாப்பிடும்போதுகூட ஒன்றை மடியில் விரித்து வைத்துக்கொண்டு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவன் நான். ஆகவே, சிரிக்கத் தெரியாத ஒரு சிடுமூஞ்சி செய்த வேலை என்று இதை முடித்துவிடாதீர்கள். நீங்கள் காவல் ஆய்வாளர். நானும் ஒரு வகையில் ஆய்வாளன்தான், வரலாற்றில். அவசரப்பட்டு முடிவுக்கு வருவது நம் இருவர் தொழிலுக்கும் ஆகாது.

எங்கள் ஆவணக் காப்பகத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மேல்தளத்தில் நீளமான ஓர் அறை. ஜன்னலோரம் என் மேசை, எதிரே என்னிடம் வேலை பார்த்த அந்தப் பெண்ணின் மேசை. பழைய கையெழுத்துகளைப் படித்துப் படியெடுப்பது அவர் வேலை. புரியாத வரிகளை வாய்க்குள்ளேயே முணுமுணுத்துப் பார்ப்பார். அதனால் அலுவலகத்தில் அவருக்குக் குருவி என்று பெயர். என் கண்ணெதிரே வேலை கற்றுக்கொண்டவர். எனக்கு அவர்மேல் எந்தக் கோபமும் இருந்ததில்லை, இப்போதும் இல்லை.

அவர் ஒரு நாவல் எழுதினார். 'போன நூற்றாண்டுக்கு ரெண்டு டிக்கெட்.' அச்சாகி வந்த அன்றே ஒரு பிரதியை என் மேசையில் வைத்துவிட்டு, "சும்மா சிரிக்கத்தான் எழுதினேன் சார். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லாத புத்தகத்தைக் கொடுக்கும்போது யாராவது அப்படிச் சொல்வார்களா? அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

கதை இதுதான். ஒரு வரலாற்றுத் துறையின் பழைய சாமான் லிஃப்ட் பழுதாகிப்போய், மாடிக்குப் போகாமல் கடந்த காலத்துக்குப் போக ஆரம்பிக்கிறது. தீராத சண்டைகளைத் தீர்த்துக்கொள்ள வரலாற்றாசிரியர்கள் ஒவ்வொருவராக அதில் ஏறுகிறார்கள். போர் பார்க்கப் போனவர், போர் முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரத்துக்குப் போய்ச் சேர்கிறார். இவர்களில் ஒருவர் அடிக்குறிப்பார். எதைச் சொன்னாலும் அடியில் ஒரு குறிப்புச் சேர்க்காமல் விடமாட்டார் என்பதால் அந்தப் பட்டப்பெயர். அவர் ஒரு மன்னரின் முடிசூட்டு விழாவில் போய் இறங்கி, மன்னரிடமே, "மன்னிக்கணும், நீங்க முடிசூடினது அடுத்த வருஷம்" என்று வாதாடுகிறார். கடைசியில் அந்த ஊர்வலத்தில் மன்னருக்குக் குடை பிடித்தபடி ஓவியம் ஒன்றில் இடம்பெற்றுவிடுகிறார். அந்தக் குடைக்காரன் ஓவியரின் கற்பனை என்று நிரூபித்துத்தான் அவர் முனைவர் பட்டமே வாங்கியிருக்கிறார்.

நன்றாக எழுதியிருந்தார். நானே இரண்டு இடங்களில் சிரித்தேன். மூன்றாவது இடத்தில் நிறுத்திவிட்டேன். அடிக்குறிப்பார் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்கிறார். நானும் அப்படித்தான் துடைப்பேன்.

அதன்பிறகு ஒழுங்காக, முறைப்படி படித்தேன். அடிக்குறிப்பார் தேநீரை ஆறவைத்துக் குடிக்கிறார், நானும். அடிக்குறிப்பார் "ஆதாரம் எங்கே?" என்கிறார்; நான் நாள் முழுக்க அதைத்தான் சொல்கிறேன். அவர் குள்ளம், மீசை வைத்தவர், அருமையாகச் சமைப்பவர். நான் உயரம், மீசை இல்லை, எனக்கு வெந்நீர் வைக்க வராது. ஆளை மறைக்க எழுத்தாளர்கள் இப்படித்தான் செய்வார்கள். இவ்வளவு கவனமாக என்னை நேர்மாறாக எழுதியிருப்பதே பெரிய ஆதாரம்.

என் மகளிடம் கொடுத்தேன். சோபாவில் உருண்டு உருண்டு சிரித்தாள். "அடிக்குறிப்பார் யாரு மாதிரிம்மா இருக்காரு?" என்று கேட்டேன். "யார் மாதிரியும் இல்லப்பா. செம ஆளு" என்றாள். என் மனம் புண்படக் கூடாது என்று மறைக்கிறாள். அவள் அப்படித்தான், சிறு வயதிலிருந்தே. என் மனைவியிடம் கேட்டபோது அவள் படித்த பக்கத்தை மூடாமலே, "உங்களுக்கு ஏன் எல்லாமே உங்களப் பத்தியே இருக்கு?" என்றாள். அது பதில் இல்லை. கேள்விக்குக் கேள்வி.

பிறகு வாசகர் கருத்துகள். புத்தகங்களைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதும் அந்த இணையதளம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. அங்கே இந்த நாவலுக்குக் கருத்துகள் குவிந்தன. எல்லாவற்றையும் படித்தேன். "பஸ்ல படிச்சு சிரிச்சு, பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போயிட்டார்" என்று ஒருவர். "காலப் பயணத்த விட்டுத்தள்ளுங்க, அடிக்குறிப்பாருக்காகவே படிக்கலாம்" என்று ஒருவர். "லிஃப்ட் எப்படி வேலை செய்யுதுன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல, பாதியில வச்சிட்டேன்" என்றவர் ஒரு பொறியாளராக இருக்க வேண்டும். இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும். ஆனால் நிறைய பேர் இப்படி எழுதினார்கள்: "பாவம் அந்த மனுஷன். கட்டிப்பிடிச்சு ஒரு டீ வாங்கிக் கொடுக்கணும் போல இருக்கு."

பாவமாம். நான் என்ன தெருவில் நனைகிற பூனையா?

ஒருவர்கூட, ஒரே ஒருவர்கூட, அடிக்குறிப்பார் சொன்னது சரிதானே என்று கேட்கவில்லை. மன்னர் தப்பான ஆண்டைச் சொன்னால் திருத்த வேண்டாமா? படிக்கத் தெரிந்த இத்தனை பேரில் ஒருவருக்கும் படிக்கத் தெரியவில்லை. என் எரிச்சல் அவர்கள்மேல்தான். அந்தப் பெண்மேல் அல்ல.

ஆகவே நானும் ஒரு கருத்து எழுதினேன், பெயர் போடாமல். நாவலில் இருந்த வரலாற்றுப் பிழைகளை வரிசையாகச் சுட்டிக்காட்டி, நூல் விவரங்களோடு, மரியாதையாக. காப்பி ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது: "ஐயோ, அடிக்குறிப்பாரே நேர்ல வந்துட்டாரு!" அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். பெயரே போடவில்லை, பாருங்கள். எழுத்தை வைத்தே என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள். இதற்கு மேலும் சந்தேகப்பட நான் என்ன முட்டாளா?

மறுநாள் அவரிடம் நேராகவே பேசினேன். அறையில் நாங்கள் இருவர்தான்.

"அடுத்த பதிப்புல அந்தப் பாத்திரத்த எடுத்துடுங்கம்மா" என்றேன்.

"எந்தப் பாத்திரம் சார்?"

"என்னைத்தான்."

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ, அது நீங்க இல்ல சார். அது எங்க அப்பா. கடை போர்டுல ஒரு எழுத்து தப்பா இருந்தாலும் உள்ள போய்ச் சொல்லிட்டுத்தான் வருவாரு. நாங்கெல்லாம் தெரியாத மாதிரி நாலு கடை தள்ளி நிப்போம். போன வருஷம் போயிட்டாரு சார். இன்னும் கொஞ்ச நாள் கூட வச்சுக்கலாமேன்னுதான் எழுதினேன்." கண் கலங்கியிருந்தது. "உங்களுக்கு மனசுக்குக் கஷ்டமா இருந்தா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். ரெண்டாம் பாகம் எழுதிட்டிருக்கேன். அதுல அவருதான் கதாநாயகன். நீங்களே படிச்சிட்டு, சரின்னு சொன்னப்புறம் கொடுக்கறேன்."

இறந்தவரைச் சாட்சிக்கு அழைப்பது சுலபம். அவர் வந்து மறுக்கப்போவதில்லை. ஆனால் என் காதில் விழுந்தது இரண்டாம் பாகம் என்பதுதான். இன்னொரு நாவல், இன்னொரு குவியல் கருத்துகள். இன்னும் எத்தனை பேர் என்னைக் கட்டிப்பிடித்து டீ வாங்கிக் கொடுப்பார்கள்?

கீழ்த்தளத்தில் நகரும் அடுக்குகளைப் பார்த்திருப்பீர்கள். தண்டவாளத்தில் ஓடும் இரும்பு அலமாரிகள். இடத்தை மிச்சம் பிடிக்க ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். ஓரத்தில் உள்ள சக்கரத்தைச் சுற்றினால் அலமாரி நகர்ந்து, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவழி கிடைக்கும். உள்ளே போகிறவர் ஒரு குமிழை அழுத்தி அலமாரி நகராதபடி பூட்டிவிட்டுப் போக வேண்டும். கடைசி வரிசையில் அந்தப் பூட்டு வேலை செய்யவில்லை. பராமரிப்பு மேற்பார்வையாளர் அதைச் சரிசெய்ய என்னிடம் பலமுறை அனுமதி கேட்டிருந்தார். வேறு வேலைகள் இருந்தன. தள்ளிப்போட்டுவிட்டேன். அது வேண்டுமென்று செய்ததல்ல.

அன்று காலை கடைசி வரிசையிலிருந்து ஒரு நிலத் தகராறு ஆவணம் எடுத்து வரச் சொன்னேன். அது உண்மையிலேயே தேவைப்பட்டது. அவர் போன சற்று நேரத்தில் நானும் இறங்கினேன். இடைவழியின் உள்கோடியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வழக்கம்போல எதையோ முணுமுணுத்தபடி நின்றிருந்தார். சக்கரத்தைச் சுற்றினேன். அவ்வளவு எடையும் எவ்வளவு லேசாக நகர்கிறது என்று எனக்கே வியப்பாக இருந்தது.

"யாரோ அடுக்க நகர்த்தறீங்க. நான் உள்ள இருக்கேன்" என்று குரல் கொடுத்தார்.

"நான்தாம்மா" என்றேன்.

"ஓ, சாரா. நல்லவேளை."

தொடர்ந்து சுற்றினேன். "சார், கொஞ்சம் நிறுத்துங்க, தோள்ல இடிக்குது" என்றார். அடிக்குறிப்பார் யார் என்று கேட்டேன். சொன்னால் நிறுத்திவிடுவதாகவும் சொன்னேன். "எங்க அப்பா சார்" என்றார். இன்னும் கொஞ்சம் சுற்றினேன். பிறகு, மூச்சு விட முடியாமல், "நீங்கதான் சார், நீங்கதான், நீங்கதான்" என்றார்.

நெருக்கிப் பிடித்து வாங்கும் வாக்குமூலம் செல்லாது என்று நீங்கள் சொல்வீர்கள். பொதுவாக நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் என்னிடமிருந்த மற்ற ஆதாரங்களோடு அது ஒத்துப்போனது. ஆகவே ஏற்றுக்கொண்டேன்.

நிறுத்துவதாகச் சொல்லியிருந்தேன், நிறுத்தினேன். திருப்பிச் சுற்றுவதாகச் சொல்லவில்லை.

மேலே வந்து மதியச் சாப்பாட்டை முடித்தேன். கீழ்த்தளத்துச் சத்தம் மேலே கேட்காது; அந்தக் கட்டடத்தின் அமைப்பு அப்படி. சாப்பிட்டுக்கொண்டே கருத்துகளைப் படித்தேன். புதிதாக ஒன்று வந்திருந்தது, "ரெண்டாம் பாகம் எப்போ?" என்று. அவர் எங்கே என்று மாலையில் யாரோ கேட்டபோதுதான், கீழே போய்ப் பார்க்கச் சொன்னேன். நானும் எல்லோரையும் போல ஓடினேன். எல்லோரையும் போல அழவும் செய்தேன். அது நடிப்பில்லை. நல்ல வேலைக்காரர் அவர், அவர் இடத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

விபத்து என்று நீங்களே எழுதி மூடினீர்கள். பூட்டைச் சரிசெய்யாமல் விட்டதற்காகப் பராமரிப்பு மேற்பார்வையாளரை வேலையை விட்டு நீக்கினார்கள். அனுமதி கேட்டும் கிடைக்கவில்லை என்று அவர் சொல்லிப் பார்த்தார். வாய்வார்த்தையாகக் கேட்டதற்கு யார் சாட்சி? இரண்டு பெண் குழந்தைகள் அவருக்கு. வருத்தம்தான். ஆனால் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

பிறகு ஏன் இப்போது நானாக வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்கிறீர்கள். மனசாட்சி உறுத்தியதா என்று கேட்டீர்கள். இல்லை. நன்றாகத் தூங்குகிறேன்.

இரங்கல் கூட்டத்தில் அவருடைய அம்மா பேசினார். அடிக்குறிப்பார் தன் கணவர்தான் என்றும், மகள் அவரைப் பற்றித்தான் எழுதினாள் என்றும் சொன்னார். யாரோ அதைப் படம்பிடித்துப் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான், அந்த இணையதளத்தில் கருத்துகள் ஆறாய் ஓடத் தொடங்கின. "அப்பாவ இப்படி எழுதறதுக்குக் கொடுத்து வச்சிருக்கணும்." "இப்போ அப்பாவும் பொண்ணும் ஒண்ணா லிஃப்ட்ல போயிட்டிருப்பாங்க." புத்தகம் மறுபடி அச்சாகிறது. முன்பக்கத்திலேயே 'அப்பாவுக்கு' என்று போடப்போகிறார்களாம். அது சரியான தகவல் இல்லை என்று ஒரே ஒரு வரி எழுதினேன். என்னை மனிதனே இல்லை என்று திட்டித் தீர்த்துவிட்டு, அந்த வரியையும் நீக்கிவிட்டார்கள்.

போன வாரம் அந்த அம்மா மகளின் பொருள்களை எடுத்துப்போக அலுவலகத்துக்கு வந்தார். கைப்பையிலிருந்து கணவரின் புகைப்படத்தை எடுத்துக் காட்டினார். குள்ளமானவர். மீசை. கையில் குடை. "எங்க வீட்ல சமையல் எல்லாம் அவருதாங்க" என்றார். சாயல் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் குடை வைத்திருந்த குள்ளமான மனிதர்கள் உலகத்தில் எத்தனை பேர்? ஒரு புகைப்படத்தை வைத்து வரலாறு எழுத முடியுமா?

தலையை ஆட்டாதீர்கள். நீங்களும் அவர்களைப் போலவே அவசரப்படுகிறீர்கள். உங்கள் மனைவிகூட அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு, அப்பாதான் என்று சொன்னதாகச் சொல்கிறீர்கள். அவரிடம் இதை மட்டும் கேளுங்கள். அடிக்குறிப்பார் நான் இல்லை என்றால், நான் எதற்காக அந்தச் சக்கரத்தைச் சுற்றியிருக்கப்போகிறேன்?