ஜெலட்டின்

என் மனைவி ஜோதிமணி வைக்கும் பூண்டுக் குழம்பை ஒருமுறை சாப்பிட்டவன் எவனும் அவளுக்குக் கெடுதல் நினைக்க மாட்டான், ஐயா. நானும் நினைத்ததில்லை.

நான் படம் எடுப்பவன். கேமரா கிடையாது. ஃபிலிமைக் கையாலேயே பதப்படுத்தி, பேத்துப்பாறை வீட்டில் பழைய புரொஜெக்டரில் ஓட்டிப் பார்ப்பேன். ஃபிலிமின் மேல்பூச்சு ஜெலட்டின். மாட்டெலும்பைக் காய்ச்சி எடுப்பது. கிருமிகளுக்கு அது விருந்துச் சாப்பாடு. அழுகிய பூண்டில் ஃபிலிமைப் புதைத்து வைத்தால், அவை தின்ற தடமெல்லாம் திரையில் படமாக ஓடும். ஊரில் எனக்குக் கிறுக்கன் என்று பெயர். ஜோதிமணி மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்து பார்ப்பாள்.

போன மழைக்காலத்தில் களை வெட்டும்போது களைக்கொத்து அவள் பாதத்தில் இறங்கிவிட்டது. சர்க்கரை உள்ள உடம்பு. புண் சீழ் வைத்தது. ஒரு துண்டு ஃபிலிமை அதன் மேல் வைத்துக் கட்டினேன். பிறகு ஓட்டிப் பார்த்தால் நீலமும் மஞ்சளுமாக ஆறுகள் பிரிந்து போயின.

"நம்ம காலாங்க இது? இம்புட்டு அழகாவா கெடக்கு" என்றாள். அன்றுபோல் நாங்கள் சந்தோஷமாக இருந்ததே இல்லை.

சுகாதார நிலையத்தில் கொடுத்த மாத்திரைக்குப் புண் ஆறத் தொடங்கியது. கட்டை அவிழ்த்தால் ஃபிலிம் வைத்தது வைத்தபடியே இருந்தது. கிருமி தின்ற தடம் ஒன்றுகூட இல்லை, ஓட்டிப் பார்க்க இனிப் படமே கிடைக்காது. அந்தக் கேப்சூல் மாத்திரையின் கூடும் ஜெலட்டின்தான், ஐயா. இழுத்தால் இரண்டாகப் பிரியும். மருந்தைக் கொட்டிவிட்டு மைதா மாவை நிரப்பி மூடினேன். வேளை தவறாமல் என் கையால்தான் கொடுத்தேன்.

"ஆறிருச்சாங்க?" என்று கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் கேட்பாள்.

"ஆறிக்கிட்டு வருது" என்பேன்.

அவள் தங்கை சண்முகவள்ளி பெருமாள்மலையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "காலு கறுத்துக் கெடக்கு மச்சான், வெரசா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று அழுதாள். மலைப்பாதையில் வண்டி குலுங்கினால் இவளுக்கு வலிக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். விஷம் ரத்தத்தில் ஏறி, மறுவாரமே ஜோதிமணி போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் படத்தை ஓட்டும்போது பின்னாலிருந்து அதே கேள்வி வந்தது. எனக்குத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. திரையைப் பார்த்தபடியே பதில் சொல்லிவிடுவேன்.

மருந்தை மாற்றியது நான்தான். தெரிந்தே செய்தேன். கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரேயொரு விண்ணப்பம். சாட்சிக்கென்று அவள் புண்ணில் கட்டிய கடைசிச் சுருளை எடுத்துப் போயிருக்கிறீர்கள். அதன் மேல் கிருமிநாசினி எதையும் தெளித்துவிடாதீர்கள், ஐயா. ஜோதிமணி அதில் இன்னும் உயிரோடு இருக்கிறாள்.