ஒன்பதை ஒன்பது என்றே எழுதிய அக்காவுக்கு

“அம்மா, இவ்வளவு எழுதி வச்சிருக்கீங்களே, இதைப் படிச்சு யாராவது லிஃப்டைச் சரி பண்ணியிருக்காங்களா?”

பள்ளி விடுமுறையில் அலுவலகம் வந்த உங்கள் மகள் கேட்ட இந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்காமல், ஓராண்டு உழைத்து உண்மையான பதிலைத் தேடிய அன்பிற்கினிய அக்கா அவர்களே, வணக்கம்.

லிஃப்ட் பழுதையும் அதைத் தீர்த்த வழியையும் மெக்கானிக்குகள் எழுதிவைத்தால் அடுத்தவருக்கு உதவும் என்றே நம் நிறுவனத்தில் அறிவுப் பதிவேடு தொடங்கப்பட்டது; அதைப் பராமரிக்கும் சிறு பிரிவு உங்கள் பொறுப்பில் வந்தது. அதன் பயனை அளக்கத் தலைமையகம் கண்ட வழி, மாதம் எத்தனை குறிப்பு சேர்ந்தது என்று எண்ணுவது. நாங்களும் குறை வைக்கவில்லை. ‘கதவில் தூசி’ ஒரு குறிப்பு. ‘துடைத்தேன்’ இன்னொரு குறிப்பு. ‘கதவு மூடியது’ மூன்றாவது குறிப்பு. எண்ணிக்கையில் நாமே முதலிடம்.

நீங்களோ, எந்தக் குறிப்பால் எந்தப் பழுது நீங்கியது என்று எண்ணத் தொடங்கினீர்கள். நாலாயிரம் குறிப்புகளில் அந்த ஆண்டு உதவியவை ஒன்பது. மேலாளர் பதறிப்போனார்.

“அக்கா, இதை அனுப்பினா உங்க பிரிவையே இழுத்து மூடிருவாங்க. பின்னால ஒரு சைபர் போட்டுக்கலாமே?”

“சைபர் போட்டா லிஃப்ட் மேல போகாது தம்பி. ஒன்பதுன்னே எழுதுங்க.”

ஒன்பதைப் பார்த்த தலைமையகம், பயனைக் காட்ட ஓராண்டு தவணை தந்தது. வேலை முடிந்து திரும்பிய ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, முதலில் தண்ணீர் கொடுத்து, பிறகு கேட்டீர்கள்: “எந்தக் குறிப்பு உதவுச்சு? எது காலை வாரிடுச்சு?” வெற்றுக் குறிப்புகள் கழிந்தன. சரிசெய்த லிஃப்டுக்கே மறுபடி ஓடுவது பாதியாகக் குறைந்தது. பதிவேட்டுப் பிரிவு பிழைத்தது, அதை நம்பியிருந்த நான்கு குடும்பங்களும் நிம்மதியடைந்தன.

ஒருமுறை எங்களில் ஒருவர் வேறு வகை லிஃப்டுக்கான வழியைப் பார்த்தெழுதிவிட, அதை நம்பிய மெக்கானிக் ஒரு பிற்பகல் முழுவதும் தவித்தார். எழுதியது யார் என்று விசாரணை வந்தது. “பார்த்துச் சேர்த்தது நான்தான்” என்று கண்டனக் கடிதத்தை நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். அந்தப் பெயரை இன்றுவரை எங்களிடமும் சொல்லவில்லை.

முப்பத்தோராண்டுப் பணி நிறைவுறும் இந்நாளில், நல்ல உடலும் அமைதியான மனமும் நீண்ட ஆயுளும் உங்களுக்குக் குறைவின்றி வாய்க்க இறைவனை வேண்டுகிறோம்.

இன்னும் ஒரு செய்தி உண்டு. சென்ற வாரம், புதியவரிடம் ஒப்படைக்கப் பதிவேட்டைத் திறந்தோம். பிழையானவை என்று நீங்கள் குறித்துவைத்திருந்த அறுபத்திரண்டு குறிப்புகளும் திருத்தப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் உரிய லிஃப்டில் சோதிக்கப்பட்ட தேதியும் இருந்தது. எல்லாமே விடுமுறை நாட்கள். சோதித்தவர் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது.

எங்களில் அது யாரென்று நாங்கள் கேட்கவில்லை.

என்றும் அன்புடன்,
பழுது நீக்கும் பிரிவுத் தோழர்கள்